வாயும் உறவும்: வடமராட்சி முதியோர் வாழ்வில் ஒரு வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகீழ்ப் பாகமாகிய வடமராட்சியிலே, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியும் கொடிகாமத்திலிருந்து வரும் வீதியும் கூடுமிடத்தில் அமைந்தது நெல்லியடி. கரவெட்டி முதலாகச் சூழவுள்ள கிராமங்களுக்கெல்லாம் அது நெடுங்காலமாகச் சந்தையாய் விளங்கிவருவது. சந்தைக்கு வருவோர் பண்டம் வாங்கி விற்பதோடு அமைவதில்லை. உறவினரைக் கண்டு நலம் விசாரித்து, ஊர்ப் புதினம் கேட்டு, கலியாணப் பேச்சும் வழக்குப் பேச்சும் பேசி மீள்வர். பெயரிலேயே நெல்லி மரத்தைத் தாங்கிய இவ்வூரை நினைக்கும்போது, நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் கதையும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயுள் நீளுதல் பெரும்பேறுதான். ஆயினும், நீண்ட அவ்வாயுளிலே உண்பதற்கு உறுதியான வாயும், உடனிருந்து உண்பதற்கும் உரையாடுவதற்கும் மனிதரும் இல்லாவிடின் அப்பேறு குறைபட்டதாகிவிடும்.

முதியோரின் வாய்நலமும் அவர்தம் சமூக உறவும் வெவ்வேறு விடயங்கள் என்றே பலரும் எண்ணுவர். முன்னதைப் பல்வைத்தியரிடமும் பின்னதைப் பிள்ளைகளிடமும் ஒப்படைத்துவிடுவர். வடமராட்சி மக்களின் வாழ்க்கை வரலாற்றை உற்று நோக்கினால், இவ்விரண்டும் ஒரே கொடியின் இரு முனைகள் என்பது தெளிவாகும். ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும். இதற்கு முதற் சான்று வெற்றிலைத் தட்டம்.

பழைய யாழ்ப்பாணத்து வீட்டின் வாசலிலே சங்கடப்படலை என்றொரு அமைப்பு இருந்தது. படலைக்கு மேலே ஓலையால் வேய்ந்த சிறு கூரை. அதன் கீழே வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இருக்க இடம். உள்ளே சென்றால் திண்ணையும் விறாந்தையும். வந்தவர் இருந்ததும் அவர் முன்னே வைக்கப்படுவது தட்டம். அதிலே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, ஒருபுறம் பாக்குவெட்டி, அருகே துப்புவதற்குப் படிக்கம். தட்டத்தை நீட்டாத வீட்டில் வரவேற்பு இல்லை. நீட்டிய தட்டத்தைத் தொடாதவர் மனத்தாங்கலோடு வந்தவர் என்பது குறிப்பு. கலியாண வீட்டுக்கு அழைப்பதும் வெற்றிலை வைத்தே. செத்தவீட்டுக்கு வந்தோர் இரவிரவாக விழித்திருப்பதும் வெற்றிலையின் துணைகொண்டே. 1344-ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட அரபு யாத்திரிகர் இபின் பதூதா, வெற்றிலை அளித்தலைப் பொன்னும் வெள்ளியும் அளித்தலினும் மேலான மரியாதையாகக் கருதும் வழக்கத்தைத் தமது பயண நூலிலே குறித்திருக்கின்றார்.

இவ்வழக்கத்திலே முதியோருக்குத் தனியிடம் இருந்தது. பல் விழுந்த ஆச்சியினால் பாக்கைக் கடிக்க முடியாது. அதற்காக அவர் கூட்டத்திலிருந்து விலகவில்லை. பாக்குரல் என்னும் சிறிய உரல் ஒன்று அவர் பக்கத்திலே இருந்தது. வெற்றிலையையும் பாக்கையும் சுண்ணாம்பையும் அதிலே இட்டு இடித்துக் கொடுப்பது பேரப்பிள்ளையின் வேலை. இடிக்கும் பிள்ளை அருகிலிருந்து கதை கேட்கும். ஆச்சியும் கதை சொல்லுவார். பல் போனமையே கிழவிக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு நாளாந்தத் தொழிலை உண்டாக்கிற்று. முதுமையின் குறையை மறைக்காமலும் இகழாமலும் அதற்கேற்ற கருவியையும் துணையையும் வழங்கிய சமுதாயத்தின் அறிவுக்குப் பாக்குரல் நல்ல அடையாளம்.

உணவிலும் அவ்வாறே. புழுக்கொடியலும் எள்ளுருண்டையும் பருத்தித்துறைத் தட்டை வடையும் பல்லுள்ளோரின் பண்டங்கள். ஆனால் ஒடியற் கூழ் அனைவருக்கும் பொதுவானது. ஒடியல் மாவோடு மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்து ஒரே பானையிலே காய்ச்சி, வளவிலே எல்லோரும் வட்டமாக இருந்து, பனையோலைப் பிளாவிலே வாங்கிக் குடிப்பது குடாநாட்டு வழக்கம். பல்லில்லாதவருக்குத் தனிச் சமையல், தனி மூலை என்ற நிலை அங்கே இல்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே அன்னதானப் பந்தியில் இருந்து உண்ணும் முதியவருக்கும் இதே ஆறுதல் உண்டு. சோறு எல்லா இடத்திலும் கிடைக்கலாம். பக்கத்திலே இருந்து உண்பவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

உண்ணுதலுக்கு அடுத்தபடியாக வாய் செய்யும் பணி பேசுதல். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துக்கள் பிறக்கும் உறுப்புக்களை எண்ணுமிடத்துப் பல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்துவதாற் பிறப்பன. முன்பல் விழுந்தவரின் பேச்சு குழறுவதன் காரணம் இதுவே. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் வழக்கம் தலைமுறைகளாக நிலவிவந்தது. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். பயன் சொல்லுபவர் பெரும்பாலும் முதியவராகவே இருப்பர். அவருடைய சொல் தெளிவாக ஒலிக்கும்வரை ஊருக்கு அவர் ஆசிரியர். பல் போய்ச் சொல் குழறத் தொடங்கிய பின்னர், கேட்போர் பொறுத்தாலும் அவர் தாமே பின்வரிசைக்குச் சென்றுவிடுவதுண்டு. பல்லிழப்பினால் ஊர் இழப்பது ஓர் ஆசிரியரை.

இக்காலத்து அறிவைக்கொண்டு பழைய வழக்கங்களை மதிப்பிடும்போது புகழ்ச்சி மட்டும் போதாது. முதியோரை ஒன்றுகூட்டிய அதே தட்டத்திலேதான் அவர்தம் வாயைக் கெடுத்த பண்டங்களும் இருந்தன. புகையிலை குடாநாட்டின் பெருஞ் செல்வம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்று விலைபோயிற்று. அப்பணத்தினால் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். அதே திருவிதாங்கூரின் தென்பாகத்தில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரிலே, மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஓர் என்னும் ஆங்கில மருத்துவர், வாய்ப்புற்றோடு வந்த நோயாளரை ஆராய்ந்து, வெற்றிலையோடு புகையிலையை மென்று வாயில் அடக்கிவைத்திருக்கும் பழக்கமே அதற்குப் பெருங்காரணம் என 1933-ல் எழுதினார். புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-ல் உறுதிப்படுத்தியது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்குங்கூடப் புற்றை விளைவிப்பன என்பது அதே நிலையம் 2004-ல் வெளியிட்ட முடிபு. பாக்கு வாயின் உட்புறத் தசையை இறுகச் செய்து, நாளடைவில் வாயையே திறக்க முடியாதபடி ஆக்கவும் வல்லது. இலங்கையிலே 2016-ல், மெல்லும் புகையிலைப் பண்டங்களின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டன. ஆனால் சட்டம் கடைக்குள்ளே நுழையலாம். தலைமுறை தலைமுறையாக மரியாதையின் வடிவாய் வந்த தட்டத்தை விட்டுவிடச் செய்வது சட்டத்தினால் மட்டும் ஆகும் காரியமன்று.

மற்றொரு குறையையும் மறைக்கலாகாது. திண்ணையும் தேநீர்க் கடையும் கோயில் மண்டபமும் அக்காலத்திலே எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பேரால் சிலர் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர், தேநீர்க் கடைகளிலே அவர்களுக்கு வேறு பாத்திரம், கோயில்களிலே வெளிவீதி. ஒரே தட்டத்திலிருந்து வெற்றிலை எடுக்கும் உரிமையும் எல்லோருக்கும் இருந்ததில்லை. 1957-ல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1960களிலே கடைப் பிரவேசத்துக்கும் கோயிற் பிரவேசத்துக்கும் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தன. ஆதலால், பழங்கால உறவைப் போற்றுவோர் அவ்வுறவின் வேலிகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இனி அமைக்கும் முதியோர் கூட்டம் அவ்வேலிகள் அற்றதாய் இருத்தல் இன்றியமையாதது.

பல்லைப் பேணும் முறைகள் பழைய மக்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்பது தமிழர் யாவரும் அறிந்த முதுமொழி. வடமராட்சியிலே வேப்பங்குச்சியும் உமிக்கரியும் வழங்கின. பற்கொதி வந்தால் கராம்பை வைத்துக் கடிப்பர். தணியாவிடிற் பரியாரியாரிடம் செல்வர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் இரணவைத்திய நூலையும் தமிழில் வெளிப்படுத்தினார். பல்மருத்துவம் தனிக் கல்வியாக வளர்ந்தது மிகப் பிந்தியே. கொழும்பிலே 1940களில் பட்டப் படிப்பாக நடைபெற்ற பல்மருத்துவக் கல்வி 1950களிலே பேராதனைக்கு மாறியது. அதே காலத்தில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையிலே பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பேணும் தாதியருக்குப் பயிற்சி தொடங்கிற்று. அரசின் கண் முதலில் பிள்ளைகள்மீதே விழுந்தது. அது தக்கதே, ஆயினும் கிழவர்க்குப் பல் எதற்கு என்னும் பொதுமக்கள் எண்ணம் அதனால் மாறவில்லை. பல் விழுதல் முதுமையின் விதி என்றே அவர்கள் இருந்துவிட்டனர்.

அவ்வெண்ணம் தவறு என்பதற்குரிய சான்று, வியப்புறும் வகையில், இலங்கைத் தமிழ்த் தொழிலாளரின் வாயிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. நோர்வே நாட்டைச் சேர்ந்த அறிஞர் ஹரால்ட் லோ என்பவரும் அவர் கூட்டத்தாரும் 1970-ல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே 480 ஆண் தொழிலாளரின் பல்லையும் ஈறையும் சோதித்தனர். அத்தொழிலாளர் பல்வைத்தியம் பெறாதவர். பல்துலக்கும் வழக்கமும் இல்லாதவர். 1985 வரை அவர்களை மீண்டும் மீண்டும் பார்த்தனர். முடிவு 1986-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 8 பேருக்கு ஈறுநோய் மிக விரைவாகப் பரவி, 45 வயதளவிலே பற்கள் அனைத்தும் விழுந்தன. 81 பேருக்கு நோய் மெல்ல மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு நோய் முற்றவே இல்லை. 2010-ல் அம்முதற் கூட்டத்தினருள் 75 பேரை அறிஞர்கள் மறுபடியும் கண்டு சோதித்தனர். நாற்பது ஆண்டுகள் தொடர்ந்த இவ்வாராய்ச்சி பல்மருத்துவம் கற்போர் எல்லா நாடுகளிலும் படிக்கும் பாடமாகிவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை இரண்டு. வயதானமையால் மட்டும் பல் விழுவதில்லை. ஈறில் தங்கும் அழுக்கினால் விளையும் நோயே பல்லைத் தளர்த்துகின்றது. அந்நோயும் பெரும்பாலோரிடம் மெல்லவே நடப்பதாதலின், நாளும் துலக்குதலாலும் ஆண்டுக்கொரு முறை காட்டிக்கொள்ளுதலாலும் அதனைத் தடுக்கப் பல ஆண்டுகள் தவணை உண்டு. மற்றொன்று, இவ்வறிவைத் தந்த தொழிலாளர் உலகின் பல்மருத்துவப் பயனைத் தம் வாழ்நாளிற் பெற்றிலர் என்பது. எளியோரின் வாயிலிருந்து பெற்ற பாடம் எளியோரின் வாய்க்கே திரும்பிவருதல் நீதியாகும்.

இனி, நெல்லியடிக்கு மீளுவோம். 1987-ல் வடமராட்சியிலே நடந்த படை நடவடிக்கை, தொடர்ந்து வந்த இடப்பெயர்வுகள், 2009 வரை நீடித்த போர் ஆகியவற்றால் குடும்பங்கள் சிதறின. இளையோர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்றனர். பெற்றோர் பலர் வீட்டையும் வளவையும் காத்துக்கொண்டு ஊரிலேயே தங்கினர். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தோர். வெளிநாட்டுப் பணம் மாதந்தோறும் வருகின்றது. மாலையிலே தொலைபேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகமும் வருகின்றது. ஆனால் பாக்குரலை இடித்துக் கொடுக்கும் கை வருவதில்லை. திரையிலே பேசும்போது பல்லில்லாத வாயைச் சேலைத் தலைப்பினால் மறைத்துக்கொள்ளும் ஆச்சியரும் உளர்.

தனிமை வாயை எவ்வாறு கெடுக்கின்றது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஒருவருக்காக உலை வைப்பது வீண் வேலை என்று எண்ணுபவர், பாணும் தேநீரும் கொண்டு பொழுதைப் போக்குவர். கீரையும் பழமும் பயறும் குறையும், சீனி கூடும். பார்க்க வருவோர் இல்லாதபோது பல்துலக்குதலும் தவறும். நீரிழிவு உள்ளவருக்கு ஈறுநோய் கடுமையாகும். ஈறுநோய் கடுமையானால் நீரிழிவும் அடங்காது. முதுமையில் உண்ணும் மருந்துகள் சில வாயை உலரச் செய்வன. எச்சில் குறைந்த வாயிலே பல் எளிதிற் சொத்தையாகும். வாயினுள்ளே தோன்றும் வெண்படலமோ செம்படலமோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ புற்றின் தொடக்கமாய் இருத்தல் கூடும். அதைக் கண்டு, ஒருமுறை மந்திகை ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டுவோம் வாருங்கள் என்று சொல்லி அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவர் இல்லாமையால் நோய் முற்றிய பின்னரே மருத்துவரைக் காண்போர் பலர்.

கெட்ட வாய் தனிமையை எவ்வாறு வளர்க்கின்றது என்பதும் அவ்வாறே வெளிப்படை. கடிக்க முடியாதவர் கலியாண வீட்டுப் பந்தியைத் தவிர்ப்பர். பேச்சுக் குழறுபவர் சனசமூக நிலையத்துப் பத்திரிகைப் பேச்சிலே கலந்துகொள்ளார். துர்நாற்றம் வீசுமோ என்று அஞ்சுபவர் பேரப்பிள்ளையை அணைக்கவும் தயங்குவர். சிரிப்பைக் குறைத்தவரைப் பிறர் கடுமையானவர் என்று கருதி விலகுவர். இவ்வாறு வாயிலிருந்து தனிமையும் தனிமையிலிருந்து வாய்நோயுமாக ஒரு செக்கு சுற்றத் தொடங்கிவிடும்.

இச்செக்கை நிறுத்த முயன்று பயன் கண்ட நாடு ஜப்பான். 80 வயதிலும் 20 பற்கள் என்னும் குறிக்கோளை அந்நாட்டார் 1989-ல் வகுத்தனர். தொடங்கியபோது அந்நிலையில் இருந்தோர் மிகச் சிலரே. 2016-ல் எடுத்த கணிப்பிலே 80 வயதினருள் ஏறக்குறையப் பாதிப்பேர் 20 பற்களோடு இருந்தனர். ஊர்க் கூட்டங்களிலும் பொழுதுபோக்குச் சங்கங்களிலும் பங்குகொள்ளும் முதியோருக்குப் பற்கள் மிகுதியாக எஞ்சியிருப்பதை அந்நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சமூக உறவு பற்றித் தனி ஆணைக்குழு ஒன்றை நியமித்து, தனிமையைச் சுகாதாரப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டது.

வடமராட்சிக்கு இவற்றைச் செய்யப் புதிய மாளிகைகள் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் அமைக்க இடமுண்டு. சனசமூக நிலையங்கள் உண்டு. கோயில் மடங்கள் உண்டு. மாதத்தில் ஒரு நாள் அங்கே முதியோர் கூடிக் கூழ் காய்ச்சிக் குடிக்கலாம். அன்றைக்கே பல்வைத்தியர் ஒருவரை அழைத்து வாயைக் காட்டலாம். பொய்ப்பல் தேவையானோரைக் கூட்டாக ஆசுபத்திரிக்கு அழைத்துச் செல்லலாம். பொய்ப்பல் வைத்தோருக்கு அதனை இரவிலே கழற்றிக் கழுவி நீரிலிட்டு வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். புராணப் படிப்பிலே பயன் சொல்ல அவர்களை மீண்டும் முன்வரிசைக்கு அழைக்கலாம்.

தட்டமோ? அதனை உடைத்தெறிய வேண்டுவதில்லை. விருந்தினர் முன்னே ஏதேனும் ஒன்றை நீட்டும் அன்பே அதன் உயிர். புகையிலையும் பாக்கும் இருந்த இடத்திலே வாழைப்பழமும் பனங்கட்டியோடு ஒரு கோப்பை இஞ்சித் தேநீரும் இருக்கலாம். நறுக்கிய நெல்லிக்காயும் இருக்கலாம். ஈறு கசியாமற் காக்கும் சத்து அதிலே நிறைய உண்டு. கடிக்க இயலாதவருக்கு அதனை இடித்துக் கொடுக்கப் பழைய பாக்குரலே போதும். இடித்துக் கொடுக்க ஒரு பிள்ளையும், அதுவரை கதை சொல்ல ஒரு முதியவரும் பக்கத்திலே இருந்தால், அவ்வீட்டின் தட்டத்திலே பழைய மரியாதைக்கு ஒரு குறைவும் வராது.